ஒரு மெஷினுக்காக இருந்த சஷ்டி விரதம்

1

கந்த சஷ்டி முதல் நாள். நாங்கள் இருக்கிற நெதர்லாந்தில் இந்த மாதத்தில் ஏழு மணியானாலும் சரியாக விடியாது. ஊரில் மத்தியானம் சாப்பிடுகிற அந்த ஒரு வேளையை, இங்கே வேலைக்குத் தோதாகக் காலையிலேயே முடித்துக்கொள்வது என் வழக்கம். குளித்து, முருகன் படத்துக்கு விளக்கேற்றி, உப்புப் போடாத பச்சரிசிச் சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்துகொண்டு மேசையில் உட்கார்ந்தேன்.

கோட்டு மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிய என் மகள் வள்ளி, வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். அடுப்படியில் இருந்து உப்பு டப்பாவை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு காய்ந்துவிட்டது.

நான் இலஞ்சியில் பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் இங்கே ஒரு இந்திய ஹோட்டலில் மாஸ்டராக வந்தவர். அவர் பின்னால் நானும் பிள்ளையும் வந்து சேர்ந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்க்கிறேன். எழுத்து எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் போன சஷ்டிக்கு எங்கள் வீட்டில் நடந்ததைத் தென்காசிப் பக்கம் யாராவது நாலு பேர் வாசித்தால், அதில் ஒரு வீட்டுக்காவது உபயோகப்படும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

2

என் அண்ணன் ஆறுமுகம். மேலகரத்தில் வீடு, குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை.

இளவயதில் அண்ணனுக்கு மனசில் ஒரு கோளாறு வந்தது. ஒரு மாதம் தூக்கமே இல்லாமல் அலைவான், பாடுவான், எதிரே வருகிறவனுக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டான். அருவியில் தலையைக் கொடுத்தால் தெளியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை, உங்களுக்கே தெரியும். அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடிக்க வைத்து, தானும் பக்கத்தில் நின்று நனைந்துகொண்டே இருப்பார். அருவி அவனைக் கொஞ்ச நேரம் அமைதியாக்கியது. குணமாக்கியது பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்த லித்தியம் மாத்திரைதான். அதன் பிறகுதான் கல்யாணம், கடை எல்லாம். கோமதி மதினி வந்த பிறகு ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை.

அந்த மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் விஷம். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தென்காசியில் ஊசியில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். முடிவு வர நாலைந்து நாளாகும். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

"கடையைப் போட்டுட்டு எங்கன போவேன்? கூட்டம் அலைமோதுது. நான் நல்லாத்தாம்ட்டி இருக்கேன்" என்பான்.

நல்லாத்தான் இருந்தான். கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே சீவுகட்டையைப் பிடித்துக்கொண்டு காயைச் சரசரவென்று சீவுவான். ஒவ்வொரு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் விழும். பிறகு கை நிறைய உப்புத் தண்ணீரை அள்ளி எண்ணெயிலேயே விடுவான். சடசடவென்று பொரிந்து அடங்கும். வெளியூர்க்காரர்கள் பயந்து ஓரடி பின்னால் போவார்கள். அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

3

வள்ளிக்கு ஆறு வயதில் இங்கே வந்தோம். இங்கே அவள் பெயரை 'ஃபாலி' என்கிறார்கள். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு இப்போது அவளே போனில் ஃபாலி என்றுதான் சொல்கிறாள். நெற்றியில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. கோவிலுக்கு வா என்றால், "நீ போய்ட்டு வாம்மா, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ" என்பாள். தமிழ் பேசுவாள், ஆனால் அதில் பாதி அவள் மாமாவிடம் போனில் கற்றது. அண்ணனோடு நான் 'நீ, வா' என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்ததால் அவளும் மாமாவை 'நீ' என்பாள். நான் திட்டுவேன்.

"விடுட்டி லெச்சுமி," என்பான் அண்ணன். "அவ நீன்னு சொன்னாத்தான் பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. நீங்கன்னா எங்கனயோ வெள்ளைக்காரி பேசுத மாதிரில்லா இருக்கும்."

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் அண்ணன் விபூதிக் கிண்ணத்தில் மூன்று விரலைத் தொட்டு, போன் கண்ணாடியில் அவள் நெற்றி தெரிகிற இடத்தில் பூசிவிடுவான். எங்கள் பக்கத்தில் அவன் விரல் மட்டும் பெரிதாக வந்து போகும். "பட்டை நேரா விழுந்துருக்கா?" என்று கேட்பான். சாமியே கும்பிடாத பிள்ளை, "நேரா இருக்கு மாமா" என்று தலையை அசையாமல் வைத்துக்கொள்வாள்.

அவள் படிப்பு முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தபோது பேராசிரியர் கொடுத்த தலைப்பு, விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி. நான் கேட்டதும் முருகன் படத்தைப் பார்த்தேன். "மாமாவுக்காக எடுத்தியா?" என்றேன். "இல்லம்மா, காலியா இருந்தது இதுதான்" என்றாள். காலியாக வைத்திருந்தது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தபால்தலை அளவு கண்ணாடித் துண்டு. அதன் பெயர் சிப். உள்ளே முடியை விட மெல்லிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஒரு முனையில் ரத்தச் சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தால், ரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஓடி வரும். மறுமுனையில் இரண்டு உலோகக் கோடுகள் காவல் நிற்கின்றன. ஒவ்வொன்றும் கடக்கும்போது மின்சாரம் மாறும். திரையில் ஒரு மேடு எழும். சாப்பாட்டு உப்பில் இருக்கிற சோடியம் வந்தால் மலை மாதிரி மேடு. அதன் வாலில் லித்தியம் வரும், சின்ன எறும்புப் புற்று மாதிரி. அந்தப் புற்று மலையடிவாரத்தில் மறைந்துபோகிறது. அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும், அதுதான் அவளுடைய நாலு வருட வேலை.

கோடுகளை இன்னும் நெருக்கி வைத்துப் பார்த்தாள். வாய்க்காலில் ஓடும் தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். அந்தக் கட்டிடத்தில் லிப்ட் ஓடினால்கூடத் திரையில் கோடு நடுங்குமாம். அதற்காகக் கருவியை உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "சத்தத்தைக் குறைக்கணும், குரலைக் கூட்டணும்மா, அவ்வளவுதான்" என்பாள். சொல்லும்போது சுலபமாக இருக்கும். வீட்டுக்கு வரும்போது முகம் சுண்டியிருக்கும்.

4

போன வருடம் புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் கடையில் இருந்து பேசினான்.

"ஏட்டி வள்ளி, நானும் சிப்ஸ் போடுதேன், நீயும் சிப்பு போடுத. யாரு சிப்பு முதல்ல விலை போகுதுன்னு பாப்போமா?"

"உன்னுது ஒரு நாள்ல தீந்துரும் மாமா. என்னுது இந்த ஜென்மத்துல தீராது."

"ஏன், என்ன கொறை?"

"உன் மாத்திரை தெரிய மாட்டேங்குது. ஐந்தருவில சீசன் கூட்டம் இருக்கும்லா? அதான் உப்பு, சோடியம். அந்தக் கூட்டத்துல நீ ஒரே ஒரு ஆளு நிக்க. உன்னை எப்படிக் கண்டுபிடிக்க?"

"கூட்டம் கொறஞ்சா தெரிவேன்."

"ஆமா, கூட்டம் குறைஞ்சா தெரிவே. ஆனா குறையாதே."

"சரி, டிசம்பர்ல வரும்போது மெஷினைக் கொண்டா. எல்லாத்துக்கும் முந்தி என் விரல்ல குத்து."

"யுனிவர்சிட்டி கமிட்டில கையெழுத்து வாங்காம உன் விரல்ல குத்தக்கூடாது மாமா. பெரிய கேஸ் ஆயிரும்."

"என் விரலு, என் மருமவ. நடுவுல எவன்ட்டி கையெழுத்துப் போட?"

எல்லோரும் சிரித்தோம். பின்னால் இருந்து மதினி, "காய் கருகுது, பேச்சைப் பாரு" என்று சத்தம் போட்டாள். அண்ணன் விபூதி பூசிவிட்டு வைத்துவிட்டான்.

இவ்வளவுதான் நடந்த பேச்சு. இதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லை. நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன்.

5

ஐப்பசி பிறந்ததும் அண்ணன் உப்பை விட்டுவிட்டான். எங்கள் வீட்டில் சஷ்டிக்கு உப்பில்லா விரதம் வழக்கம்தான். அப்பா இருந்திருக்கிறார், நான் இருக்கிறேன். அண்ணன் மட்டும் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு சஷ்டி விரதம் இருந்ததில்லை. மாத்திரையோடு விரதம் வேண்டாம் என்று அப்பா தடுத்திருந்தார், காரணம் அவருக்கும் தெரியாது. இந்தத் தடவை மதினி கேட்டதற்கு, "வள்ளிக்காக வேண்டிக்கிட்டேன், ஆறு நாள் பத்தாது" என்று சொல்லியிருக்கிறான். மாத்திரையை நிறுத்தவில்லை, நேரம் தவறாமல் போட்டுக்கொண்டான். நாளெல்லாம் அடுப்படி அனலில் வேர்த்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் உப்புச் சிப்ஸ் பொரித்துக்கொண்டு, தான் ஒரு துண்டு வாயில் போடவில்லை.

சஷ்டி நெருங்கியபோது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி. நடை தள்ளாடியது. கடைக்குப் பக்கத்தில் பழம் விற்கிறவர், "என்ன அண்ணாச்சி, சஷ்டியும் அதுவுமா ஊத்திட்டு வாரீரோ?" என்று கேலி பேசியிருக்கிறார். மதினிக்கு அழுகையே வந்துவிட்டதாம். விரதக் களைப்பு என்றுதான் அவளும் நினைத்தாள், போனில் கேட்ட நானும் நினைத்தேன். ஆய்க்குடியில் சூரசம்காரம் பார்த்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னேன்.

நான் இப்படிச் சொன்னதற்கு மறுநாள் ஞாயிறு, சூரசம்காரம் இன்னும் வரவில்லை. வழக்கம்போல வள்ளி கூப்பிட்டாள். அண்ணன் பேச்சு குழறியது. அவள் முகம் மாறியது.

"மாமா, ரெண்டு கையையும் நீட்டு."

நீட்டினான். காற்றில் துணி ஆடுவது மாதிரி ஆடியது.

"என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லட்டி. விரதம்லா." அவ்வளவு குழறலிலும் முகத்தில் ஒரு பெருமை. "ஐப்பசி ஒண்ணாந் தேதில இருந்து உப்பு ஒரு பொட்டு நாக்குல படல. என் ரத்தத்துல கூட்டத்தைக் கொறச்சுட்டேன் பாத்துக்கோ. நீ மெஷினோட வா. நான் பளிச்சுனு தெரிவேன்."

வள்ளி போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அத்தை! அத்தையைக் கூப்பிடு! அந்த மாத்திரையக் குடுக்காதீங்க! இப்பவே வண்டி வெச்சுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, லித்தியம் கூடிட்டுன்னு சொல்லுங்க, உப்பே சாப்பிடலைன்னு சொல்லுங்க!" தமிழும் டச்சும் கலந்து என்னென்னமோ கத்தினாள். அவ்வளவு சத்தத்திலும் அண்ணன், "பிள்ளை எதுக்கு அழுது?" என்று மதினியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் எனக்கு விளக்கினாள். உடம்புக்கு உப்பு வரவில்லை என்றால் சிறுநீரகம் பயந்துபோய், இருக்கிற உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். லித்தியமும் அதற்கு உப்பு மாதிரிதான் தெரியும்; அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும்.

"இது எனக்குத் தெரியும்மா. முதல் வருஷமே படிச்சேன். மாமாட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

அவளுக்குச் சோடியம் தெரியும். எங்களுக்கு விரதம் தெரியும். அவள் எங்களோடு சஷ்டி விரதம் இருந்திருந்தால், உப்பு என்றதும் அவளுக்கு விரதம் நினைவு வந்திருக்கும். நான் அவள் படிப்பைக் கொஞ்சம் துருவிக் கேட்டிருந்தால், விரதம் என்றதும் எனக்கு உப்பு உறுத்தியிருக்கும். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம்.

6

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் அண்ணனை வைத்திருந்தார்கள். நான் போக முடியவில்லை. என்னுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். அது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சிக்கல். அவசரத்துக்குப் போய்த் திரும்பி வர பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை தருவார்கள் என்று கேள்விப்பட்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். வள்ளி கூட வருகிறேன் என்றாள். நானே பேசிக்கொள்கிறேன் என்று போய்விட்டேன். இத்தனை வருடம் இருந்தும் பேசத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்ற வீம்பு.

கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். கணவரா என்றாள். இல்லை. பிள்ளையா? இல்லை. தாய் தகப்பனா? இல்லை, அண்ணன். உதட்டைப் பிதுக்கினாள். என்ன நோய் என்று கேட்டாள். லித்தியம், மனநோய், சிறுநீரகம், இதையெல்லாம் அந்த மொழியில் கோர்க்க எனக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "என் அண்ணன் உப்பு சாப்பிடவில்லை."

அவள் சிறு பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, "அது உடம்புக்கு நல்லதுதானே, அம்மா" என்றாள்.

இங்கே எல்லோரும் உப்பைக் குறைக்கச் சொல்கிறவர்கள். அவள் மேல் குற்றம் இல்லை. டிராமில் திரும்பி வரும்போது அழக்கூட இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து என் பிள்ளைக்குக் காது குத்திய அன்று அண்ணன் அவளைவிட அதிகமாக அழுததுதான் ஞாபகம் வந்தது. அவன் எனக்கு யார் என்று அந்தக் கவுண்டரில் எந்த வார்த்தையால் சொல்லியிருக்க முடியும்?

7

உயிர் பிழைத்தான். முருகா, அதற்கு நான் ஆயுள் முழுக்கக் கும்பிட வேண்டும். ஆனால் நடுக்கம் முழுவதும் போகவில்லை. பேச்சில் ஒரு இழுப்பு நின்றுவிட்டது. வேறு மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே கட்டையைப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சொல்லாவிட்டாலும் முடியாது. இப்போது மதினி சீவுகிறாள். அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாக்கெட் போடப் பார்க்கிறான். பாக்கெட் வாயில் போவதைவிட மடியில் விழுவது அதிகம்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரத்தில்தான் வள்ளியின் கருவியில் சின்ன மேடு தனியாகப் பிரிந்து எழுந்தது. கோடுகளின் இடைவெளியும், மாற்றிய தண்ணீரும், உலோகப் பெட்டியும் எல்லாம் சேர்ந்து பலன் கொடுத்தது என்றாள். படத்தைக் காகிதத்தில் எடுத்து வந்திருந்தாள். மலைக்குப் பக்கத்தில் தெளிவாக, ஒட்டாமல், ஒரு புற்று. நாலு வருடம் காத்திருந்தது. ஒரு தடவை என்னிடம் காட்டிவிட்டுப் பையில் வைத்துவிட்டாள். வீட்டில் யாரும் இனிப்பு செய்யவில்லை.

டிசம்பரில் போனவள் கருவியைக் கொண்டுபோகவில்லை. மாமாவின் கையைப் பிடித்து அருவிக்கரை வரை நடக்க வைத்துக் கூட்டி வந்தாளாம். என்ன பேசினீர்கள் என்றேன். "சும்மா நடந்தோம்மா" என்றாள்.

இந்த வருட சூரசம்காரத்தன்று அண்ணனே கூப்பிட்டான். கடையில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. வள்ளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆராய்ச்சிப் புத்தகம் எழுதிக் கொடுத்துவிட்டாள், அடுத்த மாதம் பட்டம் என்று நான் சொன்னேன். அண்ணன் முகம் மலர்ந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துக் கேட்டான்:

"அப்ப... மெஷினு... நல்லாத் தெரியுதா, மக்கா?"

"நல்லாத் தெரியுது மாமா."

"என் விரதம்... பலிச்சுட்டுல்லா?"

ஒரு நாள் விடாமல் விளக்கேற்றுகிறவள் நான். விரதம் பலிக்கும் என்று நம்புகிறவள் நான். "ஆமாண்ணே" என்ற ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

வள்ளி திரைக்குக் கிட்டே போனாள். "பலிச்சுது மாமா" என்றாள். "நீதான் பளிச்சுனு தெரியுத."

"கேட்டியா கோமதி? நான் சொன்னேம்லா!" என்று அண்ணன் மதினி பக்கம் திரும்பினான். அவள் உப்புத் தண்ணீரை எண்ணெயில் விட்டாள், சடசடவென்று பொரிந்தது. அண்ணன் விபூதிக் கிண்ணத்தை எடுத்தான். மூன்று விரலைத் தொட்டுக்கொண்டு போன் பக்கம் கொண்டு வந்தான். கை ஆடியது. நெற்றியைத் தேடி அங்கும் இங்கும் போய்க் கடைசியில் கேமரா மேலேயே பூசிவிட்டான். எங்கள் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அண்ணன் முகம் தெரியவில்லை, எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பட்டை... நேரா விழுந்துருக்கா?"

வள்ளி தலையை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேரா இருக்கு மாமா."